மருத்துவக் கட்டுரைகள் குவிகின்றன. படித்துச் சொல்ல ஆள் எங்கே?

பாம்புக்கடி என்று யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், திருநெல்வேலி வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் டூட்டி டாக்டரின் மனதில் ஓடுவது நான்கு பாம்புகள்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் கிடைக்கிற விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் விஷத்துக்குத்தான் தயாராகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளில் இன்னொரு பாம்பும் உண்டு. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த, ஏறக்குறைய ஒரு முழ நீளமே உள்ள குழிவிரியன் அது. அவசரத்தில் அடித்துக் கொண்டுவரும்போது சுருட்டை விரியன் என்றே நினைக்கத் தோன்றும்.

இந்தக் குழிவிரியன் கடித்து உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன கேரள நோயாளிகளைப் பற்றி 2007-இல் ஒரு வெப்பமண்டல மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் செயலிழப்பதும் அதில் பதிவாகியிருந்தன. வழக்கமான விஷமுறிவு மருந்து இந்த விஷத்துக்கு வேலை செய்வதில்லை. அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், பலன் இல்லாத இடத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவது தனி ஆபத்து.

செங்கோட்டைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே எழுதப்பட்ட கட்டுரை இந்தப் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்துசேர எத்தனை ஆண்டு ஆகும்? இன்று அதன் சுருக்கத்தைச் செல்போனிலேயே படித்துவிடலாம். ஆனால் ஐந்தாவதாக ஒரு பாம்பு இருக்கக்கூடும் என்று முதலில் தோன்றினால்தானே தேடுவதற்கே கை போகும்? இரவு இரண்டு மணிக்கு, வெளியே உறவுக்காரர்கள் கூடி நிற்கும்போது, இருபத்து நான்கு வயது ஹவுஸ் சர்ஜனிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேறு ஒருவர் முன்கூட்டியே தேடி, படித்து, எடைபோட்டு, அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மருத்துவ எழுத்து பெருகிவிட்டது என்ற கவலை புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ நூலகத்தைக் கவனித்துவந்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அறுவை மருத்துவர், உலகத்து மருத்துவ இதழ்களில் வருவதையெல்லாம் பொருள்வாரியாக அடுக்கித் தரும் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற மாதப் பட்டியலை 1879-இல் தொடங்கினார். அந்த நூலகம்தான் வளர்ந்து அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமானது. பட்டியல் 1964-இல் கணினிக்குப் போனது. 1971-இல் தொலைபேசிக் கம்பி வழியே தேடக்கூடிய மெட்லைன் ஆனது. 1997-இல் பப்மெட் என்ற பெயரில் உலகில் யாரும் காசில்லாமல் தேடலாம் என்ற நிலை வந்தது. இப்போது பப்மெடில் இருக்கும் பதிவுகள் 3.7 கோடிக்கும் மேல். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புதிதாகச் சேர்கின்றன. சிகிச்சைச் சோதனைகளை மட்டும் கணக்கிட்ட மூன்று ஆய்வாளர்கள், நாளொன்றுக்கு 75 சோதனைகளும் அவற்றைத் தொகுத்து எடைபோடும் திறனாய்வுகள் 11-உம் வெளியாகின்றன என்று 2010-இல் எழுதினார்கள். மற்ற வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து படித்தாலும் ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியாத அளவு இது.

பட்டியல் போடுவது மட்டும் போதாது என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மருத்துவர் அல்ல, அணு இயற்பியலாளர். ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஆல்வின் வைன்பெர்க் தலைமையில் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அமைத்த தனிக் குழு ஒன்று 1963 ஜனவரியில் ஓர் அறிக்கை தந்தது. துறைக்கொன்றாகத் தனித் தகவல் மையங்கள் வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. தகவல் மையம் என்றதும் நாம் அலமாரிகளைத்தான் நினைக்கிறோம். வைன்பெர்க் குழு நினைத்தது வேறு. மையம் என்பது நூலகத்தைவிட ஆய்வு நிறுவனத்துக்கு நெருக்கமானதாக இருக்க வேண்டும், அந்தத் துறையில் கை நனைத்து வேலை செய்கிறவர்களே அதை நடத்த வேண்டும், கேட்டவருக்குக் கட்டுரைக் கட்டைத் தூக்கிக் கொடுப்பதோடு நிற்காமல் அவற்றைப் படித்து முடிவு சொல்ல வேண்டும் என்றது அந்தக் குழு. நூலகர் நெல்லைக் கொண்டுவந்து இறக்குகிறார். புடைத்துப் பதரை நீக்குவது நெல்லை அறிந்தவர் வேலை.

மருத்துவத்தில் இந்த யோசனை உடனே செயலுக்கு வந்தது. அமெரிக்காவின் நரம்பியல் நோய் நிறுவனம் 1960-களின் நடுவில் சில மையங்களுக்குப் பணம் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வுக்கு ஒன்று, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் நோய்க்கு ஒன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேச்சு, செவி கோளாறுகளுக்கு ஒன்று. எல்லாமே அந்த நோயைப் பார்க்கும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் இருக்கும் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தன. என் பார்வையில், அந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதுதான். கட்டுரையைப் படிப்பவர் காலையில் வார்டில் அதே நோயாளியைப் பார்க்கிறார்.

அடுத்த தலைமுறையில் இதே வேலையை ஒழுங்கான முறையாக்கியவர்கள் காக்ரேன் அமைப்பினர். ஒவ்வொரு மருத்துவப் பிரிவும் தன் துறையில் நடந்த நம்பகமான சோதனைகளையெல்லாம் திரட்டி, எடைபோட்டு, அவ்வப்போது திருத்தி வைத்திருக்க வேண்டாமா என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1979-இல் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக 1993-இல் ஆக்ஸ்ஃபோர்டை மையமாக வைத்து அவர் பெயரிலேயே அமைப்பு தொடங்கியது. அதன் சின்னத்தில் இருப்பதே ஒரு சோகமான கணக்கு. குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையில் உள்ள தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் தேறும் என்று 1972-இலேயே ஒரு சோதனை காட்டியது. பின்னால் வந்த சோதனைகள் தனித்தனியே சிறியவை, ஒன்றுக்கொன்று முரணாகவும் தெரிந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் பலன் தெளிவானது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஊசி கிடைக்காமல் இறந்த பச்சிளம் குழந்தைகள் எத்தனையோ. தகவல் இருந்தது, பத்து இதழ்களில் சிதறிக் கிடந்தது, அவ்வளவுதான்.

முரண்பட்ட கட்டுரைகள் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊருக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மஞ்சள் அரளி நஞ்சு நம் பக்கத்து அவசரப் பிரிவுகளுக்குப் புதிதல்ல. அது இதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. நஞ்சு உள்ளே போனவர்களுக்கு மருத்துவக் கரியைக் கரைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். ஆஸ்பத்திரியில் சார்க்கோல் என்பார்கள். நஞ்சு கரியில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் கலக்காமல் வெளியேறும் என்பது எண்ணம். ஒரு தடவை கொடுத்தால் போதுமா, திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2003-இல் லான்செட் இதழில் இலங்கையிலிருந்து ஒரு சோதனை வெளியானது. 401 நோயாளிகள். எல்லோருக்கும் முதலில் ஒரு முறை கரி கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கிருமி நீக்கிய வெறும் தண்ணீரைக் கொடுத்தார்கள். கரி தொடர்ந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 2.5 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம். இதை மட்டும் படித்த டாக்டர் கரியை விடமாட்டார்.

ஐந்து ஆண்டு கழித்து, 2008-இல், அதே லான்செட், அதே இலங்கை. இந்த முறை 4,632 நோயாளிகள். அரளியும் உண்டு, பூச்சிமருந்தும் உண்டு. கரியே கொடுக்காதவர்களில் 6.8 சதவீதம் பேரும், ஒரு முறை பெற்றவர்களில் 7.1 சதவீதம் பேரும், நான்கு மணி நேர இடைவெளியில் ஆறு முறை பெற்றவர்களில் 6.3 சதவீதம் பேரும் இறந்தார்கள். அதாவது, சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இதை மட்டும் படித்த டாக்டர் கரியை நிறுத்திவிடுவார்.

இரண்டையும் படித்தவர் என்ன செய்வார்? பெரிய சோதனை சின்னச் சோதனையை வென்றுவிட்டது என்று முடிப்பது சுலபம். ஆனால் இரண்டிலும் கொடுத்தது ஒன்றல்ல. ஒன்று மூன்று நாள், மற்றது ஏறத்தாழ ஒரு நாள். நோயாளி எத்தனை மணி நேரம் தாமதமாக வந்தார், அங்கே இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி கைக்கு எட்டியதா, கொடுத்த கரியை உண்மையில் விழுங்கினாரா, வாந்தியெடுத்தாரா என்று கேட்டுக்கொண்டே போகலாம். இவற்றையெல்லாம் நஞ்சு மருத்துவம் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் நம் ஊர் வார்டுக்கு ஏற்ற பதில் கிடைக்கும். அரளி நஞ்சுக்கான முறிவு மருந்து வேலை செய்கிறது என்றும் 2000-இல் இலங்கையிலேயே காட்டிவிட்டார்கள். விலைதான் எட்டாக் கனியாக இருந்தது. ஆகவே பதில் எழுதுகிறவருக்கு லான்செட் மட்டும் தெரிந்தால் போதாது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி மருந்தறையில் என்ன இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் வரும் நஞ்சுகளையும் பாம்புக்கடிகளையும் பற்றி நல்ல சோதனைகள் கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கின்றன. விஷமுறிவு மருந்தால் வரும் ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே கொடுக்கும் மருந்துகளில் குறைந்த அளவு அட்ரினலின் மட்டுமே பயன் தருகிறது, நாம் பழக்கத்தில் போடும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அலர்ஜி ஊசியும் தடுக்கவில்லை என்று 2011-இல் ஆயிரம் நோயாளிகளை வைத்துக் காட்டியதும் இலங்கைக்காரர்கள்தான். அங்கே கொழும்பில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கிறது. ஆய்வு செய்கிறவர்களும் சிகிச்சை தருகிறவர்களும் ஒரே கூட்டமாக இயங்குகிறார்கள். இந்தியாவில் 1995-லிருந்து தில்லி எய்ம்ஸில் நஞ்சுத் தகவல் மையம் நடக்கிறது. எந்த நேரமும் போன் எடுத்துப் பதில் சொல்லும் அருமையான சேவை அது. ஆனால் தில்லியில் இருப்பவருக்குக் களக்காட்டுக் காடும் வயலும் தெரியாது. அதை அவர் குறை என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் தகவல் சேவைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகவியலின் விதிகளில் ஒன்றாக வைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1952-இல் தில்லியில் இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையம் வந்தது. 1986-இல் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து மருத்துவத் தகவல் மையம் ஒன்றை அமைத்து, மெட்லைனில் இடம்பெறாத இந்திய மருத்துவ இதழ்களை இண்ட்மெட் என்ற பெயரில் தொகுத்தன. இதன் அருமை பலருக்குத் தெரியாது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் நுரையீரலைப் பற்றியோ, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் கண்ணையும் தோலையும் பற்றியோ பாஸ்டன் இதழில் யார் எழுதப்போகிறார்கள்? அவையெல்லாம் வருவது நம் நாட்டுச் சின்ன இதழ்களில்தான். 2007-இல் காக்ரேன் நூலகத்தை இந்தியர் எல்லோரும் இலவசமாகப் படிக்க ஐசிஎம்ஆர் வழி செய்தது. 2025-இல் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

இந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். காசில்லாததால் படிக்க முடியாத நிலை நம் ஊர் மாணவர்களை நெடுங்காலம் நசுக்கியது. ஆனால் 13,000 இதழ்களின் கதவைத் திறந்ததாலேயே படிக்கிற நேரம் கூடிவிடவில்லை. 6,000 கோடியில் ஒரு துளியை, படித்துச் சொல்கிறவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

திருநெல்வேலிக்கு இந்த விஷயத்தில் வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்தும், ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-லிருந்தும் இயங்குகின்றன. டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம். 2012-இல் கடையநல்லூர் தொடங்கி மாவட்டமே டெங்குவில் தவித்தபோது, அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. பாதிப் பேர் அதை உயிர்காக்கும் மருந்து என்றார்கள், பாதிப் பேர் ஆதாரமே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் கட்டுரைகளைக் காட்டினார்கள். எந்தக் கட்டுரையை?

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று மொத்தம் ஒன்பது சரக்கு. பப்மெடில் நிலவேம்பின் தாவரப் பெயரைப் போட்டால் வந்து விழும் கட்டுரைகளில் சளி, தொண்டைவலிக்கு அந்த ஒரு செடியின் சாற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தவை உண்டு. செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு வேதிப்பொருளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்லிலோ எலியிலோ சோதித்தவை ஏராளம். டெங்கு வந்த மனிதருக்கு, ஒன்பது சரக்கும் சேர்ந்த கஷாயத்தைக் கொடுத்து, கொடுக்காதவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவை எதிலும் சேராத தனிக் கேள்வி. மூன்றையும் ஒரே குவியலில் போட்டுவிட்டு ‘ஆய்வில் நிரூபணம்’ என்பதும் தவறு, எலியில் செய்த ஆய்வை மட்டும் காட்டி ‘ஒன்றுமில்லை’ என்பதும் தவறு. சரக்கை அறிந்த சித்த மருத்துவரும், சோதனை முறையை அறிந்த நவீன மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்தக் குவியலைப் பிரிக்க முடியும். அந்த மேசையைப் போடுவதற்கு பாளையங்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பல இளம் டாக்டர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கிறார்கள். வேகமாகத் தேடித்தர அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் மேற்கோள் காட்டும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. தவறான பதிலுக்குப் பொறுப்பேற்க அங்கே ஆள் இல்லை. கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் வந்த பெரிய கட்டுரை 2020 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. ஐவர்மெக்டின் அபாரமாக வேலை செய்கிறது என்று எகிப்திலிருந்து வந்த, சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியான முன்வரைவு 2021 ஜூலையில் விலக்கப்பட்டது. கட்டுரை பரவிய வேகத்தில் அதைத் திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை. தகவல் மையத்தின் பாதி வேலை, நேற்றுச் சொன்னது இன்றும் சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

இதில் இருக்கும் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இத்தகைய மையங்களைத் தொடங்குவதைவிடத் தொடர்ந்து நடத்துவதுதான் பாடு. பிரிட்டனில் காக்ரேன் திறனாய்வுக் குழுக்களுக்கு அரசு தந்துவந்த அடிப்படை நிதியே 2023 மார்ச்சோடு நின்றது. படித்து எழுதும் வேலைக்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை, ஆகவே பணத்தை வெட்டும்போது முதலில் வெட்டுவதும் அதைத்தான். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்குப் பதவி உயர்வு புதுக் கட்டுரை எழுதினால் வருகிறது. இருக்கும் கட்டுரைகளைப் படித்து அரைப் பக்கக் குறிப்பு எழுதினால் வருவதில்லை. இந்த விதி மாறாவிட்டால் நல்ல ஆட்கள் இதற்கு வரமாட்டார்கள்.

செலவு உண்மையில் பெரிதல்ல. நஞ்சும் பாம்புக்கடியும் பார்க்கும் மருத்துவர் ஒருவர், சித்த மருத்துவர் ஒருவர், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், தேடத் தெரிந்த மருத்துவ நூலகர் ஒருவர், இவர்களில் இருவராவது முழுநேரம். நூலகரைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மெட்லைனில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 30,000-க்கும் மேற்பட்ட பொருள் தலைப்புகளிலிருந்து பொருத்தமானவற்றை இட்டுவைத்திருக்கிறார்கள். எந்தத் தலைப்பைத் தொட்டால் எது வரும், எது விடுபடும் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். வெறும் சொல்லைத் தட்டித் தேடுகிறவர் நாலாயிரம் கட்டுரைகளில் மூழ்குவார். நூலகர் நாற்பதில் கொண்டுவந்து நிறுத்துவார்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது. ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வர வேண்டும். அந்தக் கணக்கு வரத் தொடங்கும்போதே, மலையடிவாரத்தில் விஷமுறிவு மருந்துக்கு அசையாத கடிகள் எத்தனை, அவற்றில் குழிவிரியன் எத்தனை என்று பார்த்து, கேரளத்து, இலங்கைக் கட்டுரைகளோடு வைத்துப் படிக்கும் வேலையை முதல் வேலையாக எடுக்கலாம். தென்காசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திருச்செந்தூர் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டும் அளவுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் போதும். எழுதியவர் பெயர், எழுதிய தேதி, அடுத்து எப்போது திருத்தப்படும் என்ற தேதி, சந்தேகம் வந்தால் இரவிலும் கூப்பிட ஒரு போன் நம்பர் ஆகிய நான்கும் அதன் அடியில் கட்டாயம் இருக்க வேண்டும்.